புதையல் படமும் டத்தோவின் லோரிகளும்

எடிட்டிங் அறைக்குள் புதிதாக நுழைந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு முதலில் என் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரைக்கு முன்னால் ஆமையைப்போல் தலையை நீட்டி உட்கார்ந்தே பிழைப்பு நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் பொன்னாடை போர்த்த வந்தார்கள். போர்த்த இடம் தேடியபோதுதான் எனக்குக் கழுத்து என்று ஒன்று மிச்சமில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். நிமிர்ந்து மேலே பார்த்தால் பூட்டிக்கொள்ளும். பத்துமலைக்குப் போனால் முருகன் சிலையின் பாதத்தோடு என் தரிசனம் முடிந்துவிடும்.

என் பணி வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே உருப்படியான முடிவை இந்தக் கழுத்துதான் எடுத்தது. மூளைக்கு அதில் பங்கு குறைவு.

நீங்கள் வெற்றிப் படங்களைப் பற்றிக் கேட்க ஆசைப்படுவீர்கள். எல்லோரும் கைதட்டும் படத்தில் எங்கே தப்புச் செய்தோம் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எங்கள் புதையல் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதைப் பார்த்தவராக இருந்தால் என்னை மன்னியுங்கள். பார்க்காதவராக இருந்தால் கவலை வேண்டாம், நாட்டில் பெரும்பான்மையோர் உங்கள் பக்கம்தான்.

முதல் பாகம் ஓடியது. பாலன் என்ற இளம் இயக்குநருக்கு அது முதல் படம். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ஒருவர் புதைத்துவைத்த பெட்டியை, வேலை போன மூன்று நண்பர்களும் ஒரு நாசி லெமாக் சோற்றுக்கடைக்காரப் பெண்ணும் தேடுகிறார்கள். கடைசியில் பெட்டி கிடைக்கிறது. அந்தப் பெண் மூடியைத் திறக்கிறாள்.

பெட்டிக்குள் தங்கக் காசுகள் இருந்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்தவை தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசுகள். மத்தியான வெயிலில் வேனுக்குள் கிடந்த பெட்டியைத் திறந்தபோது காசெல்லாம் உருகி, ஈ மொய்க்கும் சேறாகக் கிடந்தது. வேறு காசு வாங்கக் கையில் காசு இல்லை. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. பாலன் வேறு வழியில்லாமல் கேமராவைப் பெட்டிக்குள் காட்டாமல் அந்தப் பெண்ணின் முகத்திலேயே வைத்துவிட்டான்.

அந்தப் பெண்தான் லெட்சுமி அக்கா. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை. லீவு நாளில் நடிப்பார். வயதில் எனக்கு இளையவர், ஆனால் படப்பிடிப்பில் எல்லோருக்கும் அக்கா. பெட்டிக்குள் பார்த்த அவர் முகத்தில் என்னவோ ஒன்று வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று. நான் அதை வெட்டாமல் நீளமாக ஓட விட்டு, அப்படியே இருட்டாக்கிப் படத்தை முடித்தேன். உள்ளே என்ன இருந்தது என்று ஊரெல்லாம் சண்டை. பாராட்டு விழாவில் பாலன் மைக்கைப் பிடித்து, மனித மனம்தான் உண்மையான புதையல் என்று பேசினான். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது தலை ஆடும் நிலையில் இருந்தது.

பிறகு டத்தோ வந்தார். கிள்ளானில் லோரி நிறுவனம் வைத்திருப்பவர். அரசு கொடுத்த டத்தோ பட்டம் புதிது, மனசு பழசு, நல்ல மனிதர். இரண்டாம் பாகத்துக்கு முதல் போட வந்தவர், எங்கள் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்:

"பெட்டிக்குள்ள என்னா இருந்துச்சுன்னு எங்க போனாலும் கேக்குறாங்க மணி. காட்டிருவோம் லா. நல்லாக் காட்டிருவோம்."

இந்த ஒரு பேச்சில் இரண்டாம் பாகத்தின் ஜாதகம் முழுவதும் அடங்கிவிட்டது. இந்த முறை பெட்டி போதாது, ஒரு குகை நிறையப் புதையல் என்று கதை வளர்ந்தது. நிஜக் குகையில் படம் பிடிக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் டத்தோவின் லோரிக் கிடங்கிலேயே அட்டையும் சுண்ணாம்பும் கொண்டு குகை எழுந்தது. புதையல் தேடிப் போகிறவர்கள் டத்தோவின் லோரிகளில் வரிசையாகக் காட்டுக்குள் போனார்கள். கணினியில் ஒரு பாம்பு செய்தார்கள். குகைக் கதவு திறந்ததும், உள்ளே மலை மலையாகத் தங்கம், அதுவும் கணினியில்.

படப்பிடிப்பின்போது தங்கம் இன்னும் பிறக்கவில்லை. லெட்சுமி அக்காவுக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைத்தான் கட்டியிருந்தார்கள். பாலன் ஓரத்திலிருந்து, "அக்கா, தங்கம்! எங்க பாத்தாலும் தங்கம்!" என்று கத்தினான். அக்கா துணியைப் பார்த்தார். பழைய படத்தில் வந்ததைவிடப் பெரிதாக ஒன்று அந்த முகத்தில் வந்தது. வேலையாட்கள் குடித்துக்கொண்டிருந்த தே தாரே டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

ஆனால் படத்தொகுப்பில் அந்த முகம் ஒரு கண் சிமிட்டும் நேரம்தான் வந்தது. இடமெல்லாம் தங்கம் எடுத்துக்கொண்டது. டத்தோவும் பாலனும் அப்படித்தான் கேட்டார்கள், நானும் அப்படித்தான் வெட்டினேன்.

எங்கள் அறை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. காலையிலேயே மீன் பொரிக்கும் வாசம் ஏறி வந்துவிடும். நான் வெட்டிய படங்களில் சோகக் காட்சிகள் சற்று அவசரமாக முடிந்தால், சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது என்று பொருள். அப்படி ஒரு முற்பகலில் லெட்சுமி அக்கா படியேறி வந்தார். கடைத்தெருவில் பூ வாங்க வந்தாராம். கையில் ஒரு பொட்டலம் கறிபாப்.

"அண்ணே, நான் இருக்கேன்ல?"

"எங்கக்கா?"

"படத்துல லா! போன படத்த எங்க பேக்டரிப் பொண்ணுங்க யாரும் தியேட்டர்ல பாக்கல. ஷிப்ட்டு. போன்லதான் பாத்தாளுங்க, இத்துனூண்டு மூஞ்சி. இந்தத் தடவ பஸ்ஸே பேசி வச்சிருக்காளுங்க. ஞாயித்துக்கெழம கிள்ளான்ல வந்து பெருசாப் பாக்கணுமாம். சூப்பர்வைசரும் வரேன்னிருச்சு." சற்று நிறுத்தினார். "கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிராதுல்ல?"

என் முதுகுக்குப் பின்னால் திரையில் தங்கமலை நின்றுகொண்டிருந்தது. நான் அதை உடம்பால் மறைத்துக்கொண்டேன். மறைக்கும் அளவுக்கு உடம்பு அப்போதும் இருந்தது.

"இருக்கீங்கக்கா. நல்லா இருக்கீங்க."

அவர் போன பிறகு கறிபாப்பைத் தின்றுகொண்டே யோசித்தேன். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. பொட்டலமும் காலி. இனி அதை இருக்க வைப்பதைத் தவிர வேறு வேலை எனக்கு இல்லை என்று தீர்மானித்தேன்.

பாலனிடம் சொன்னேன். டத்தோவிடம் கேளுங்கள் என்றான். டத்தோவிடம் சொன்னேன். "தங்கத்தப் பாக்கத்தான ஜனம் வரும் மணி, மூஞ்சியா பாக்க வரும்?" என்றார். தணிக்கைக்கு அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. அதற்கு முன் கிள்ளானில் ஒரு தியேட்டரை எடுத்து, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முன்னோட்டக் காட்சி வைத்தார்கள்.

நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு அங்கே நடந்தது. கல்யாண மண்டபப் பழக்கத்தில், முக்கியப் பிரமுகர்களுக்கு என்று முதல் வரிசையை ஒதுக்கி, நாற்காலிகளுக்கு வெள்ளை உறையும் ரிப்பனும் கட்டிவிட்டார்கள். தியேட்டரிலேயே மிக மோசமான வரிசை அதுதான் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நடுவில் டத்தோ, பக்கத்தில் பாலன், இந்தப் பக்கம் நான். டத்தின், அதாவது டத்தோவின் மனைவி, விவரமானவர். "எனக்குக் கொஞ்சம் குளிருது" என்று சொல்லி நடுவரிசைக்குப் போய்விட்டார்.

படம் ஆரம்பித்தது. பாம்பு வந்தபோது என் கழுத்து முதல் எச்சரிக்கை கொடுத்தது. லோரிகள் வரிசையாகப் போகப் போக வலி தோளுக்கு இறங்கியது. குகைக் கதவு திறந்து தங்கம் கொட்டிய நேரம் கழுத்து பூட்டிக்கொண்டது. எப்படித் திருப்பினாலும் வலி. கடைசியில் உடம்போடு சேர்த்துத் திரும்பி, நாற்காலியில் மண்டியிட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

திரையில் தங்கம் பொழிந்த அந்த நேரத்தில் அரங்கம் முழுக்கப் போன்கள் மின்னிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரிசையிலும் நீல வெளிச்சத்தில் குனிந்த முகங்கள். ஒருவர் நேர்த்தியாகத் தூங்கினார். ஓர் அம்மா பையைத் திறந்து முறுக்கு விநியோகித்துக்கொண்டிருந்தார்.

டத்தோவின் சட்டையை இழுத்தேன்.

"டத்தோ, திரும்பிப் பாருங்க."

"என்னா மணி? தங்கம் ஓடுது, அங்க பாரு."

"கொஞ்சம் திரும்புங்க டத்தோ."

அவரும் மண்டியிட்டுத் திரும்பினார். நான் கவனிக்காத ஒன்று அவர் கண்ணில் முதலில் பட்டது. நடுவரிசையில் டத்தின், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனில் யாருக்கோ ரொம்ப நீளமாகத் தட்டிக்கொண்டிருந்தார். டத்தோ வெகுநேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்தார். முதல் வரிசையில் இரண்டு பிரமுகர்கள் மண்டியிட்டுப் பின்பக்கம் பார்ப்பதைக் கண்டு, பின்வரிசைக் குழந்தை ஒன்று எங்களுக்குக் கையாட்டியது. டத்தோ பதிலுக்குக் கையாட்டினார். முகத்தில் சிரிப்பில்லை.

வெளியே வந்தால் வாசலில் பாலனின் மச்சான் போனை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்கிறான். எல்லோரும் சூப்பர். எல்லோரும் அருமை. எல்லோரும், "நம்ம ஊருப் படம், ஆதரவு கொடுங்க!" பாலன் அதையெல்லாம் என்னிடம் ஓட்டிக் காட்டினான்.

"பாருங்கண்ணே, ஒருத்தர்கூட கொற சொல்லல."

"எந்த சீன் புடிச்சதுன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?"

மறுபடி ஓட்டினான். இன்னொரு முறை ஓட்டினான். அடுத்த வாரம் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்துப் பந்தியில் உட்காரப் போகிறவர்கள், போனுக்கு முன்னால் வேறு என்ன சொல்வார்கள்? காட்சியின் பெயர் சொல்லாத பாராட்டு, வாடிக்கையாளர் இல்லாத கடைக்கு வந்த திறப்பு விழாப் பூங்கொத்து மாதிரி. பார்க்க அழகு, வியாபாரம் கிடையாது. பாலன் போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை டத்தோ எங்கள் அறைக்கு வந்தார். கீழ்க்கடையில் மீன்தலைக் கறி சாப்பிட டத்தினும் கூட வந்திருந்தார். நான் விடியலிலேயே வந்து கடைசிக் காட்சியை வேறு மாதிரி வெட்டி வைத்திருந்தேன். டத்தினை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முதலில் தங்கத்தை ஓட்டினேன். முடிந்ததும் டத்தின் டத்தோவிடம் கேட்டார்:

"ஏங்க, கார் பார்க்கிங் டிக்கெட்டு உங்ககிட்டயா இருக்கு?"

அடுத்து என் வெட்டை ஓட்டினேன். கதவு திறக்கிறது. தங்கம் கிடையாது. லெட்சுமி அக்காவின் முகம் மட்டும். நான் முடிந்தவரை ஓடவிட்டிருந்தேன். கீழே தட்டு கழுவும் சத்தம்கூட நின்றுபோனது போல இருந்தது. திரை இருண்டது. டத்தின் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னத்தப் பாத்தாங்க?"

"சொல்லுங்க, என்னத்தப் பாத்தாங்க உள்ள?" என்று மறுபடி கேட்டார்.

டத்தோ எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். பிறகு சொன்னார், "சரி. மூஞ்சிய வைங்க. தங்கத்தத் தூக்கிருங்க."

நான் உடனே பேராசைப்பட்டேன். "அப்படியே அந்த லோரி ஊர்வலத்தயும் கொஞ்சம்..."

"லோரியத் தொடக்கூடாது!" அறை அதிர்ந்தது. அப்புறம் குரல் இறங்கியது. "என் டிரைவருங்க எல்லாரும் புள்ளகுட்டியோட வருவானுங்க மணி. அவன் அவன் ஓட்டுன லோரிய அவன் அவன் பாக்கணும். ஒண்ணக்கூட விட்டுறாத."

ஒரு முகத்துக்காக அவ்வளவு நேரம் சண்டை போட்டவன், அதற்குமேல் என்ன பேச? அத்தனை லோரிகளும் இருந்தன. சேற்றில் இறங்கின, ஏறின, ஆற்றைக் கடந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. முன்பக்க எண்பலகை தெரியும்படி.

படம் வெளியானது. ஓடவில்லை. விமர்சனம் எழுதியவர்கள் லோரியைப் பற்றியே எழுதினார்கள். ஒருவர், இது புதையல் வேட்டையா, சரக்குப் போக்குவரத்து விளம்பரமா என்று கேட்டிருந்தார். ஒரு நல்ல காட்சி ஒரு கெட்ட படத்தைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காப்பாற்றாது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையோடு படத்தை எடுத்துவிடுவதாகத் தியேட்டரில் சொல்லிவிட்டார்கள். கிள்ளானில் மதியக் காட்சிதான் கடைசி.

பாலன் போனை அணைத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தான். நான் நேரே போய்க் கதவைத் தட்டினேன்.

"நான் வரலண்ணே. என்னா மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?"

"உன் மூஞ்சிய யாரும் பாக்கப் போறதில்ல. சட்டைய மாட்டு."

தியேட்டர் வாசலில் லெட்சுமி அக்கா பட்டுச்சேலையில் நின்றிருந்தார். டிக்கெட்டெல்லாம் என் கையில். பேக்டரி பஸ் வரவில்லை. படம் தொடங்கும் நேரமும் ஆயிற்று. தியேட்டர் மேலாளர் ஒரு மலாய்ப் பெண், நல்ல பிள்ளை. கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "தா போலே லா, அங்கிள்," என்று முடியாததற்குத் தலையாட்டி, எல்லாம் தானாக ஓடும் இயந்திரம் என்று மேலே கையைக் காட்டினாள். உள்ளே ஏர்கான் குளிருக்காக வந்த ஒரு ஜோடியைத் தவிர யாரும் இல்லை. பாலனை உள்ளே அனுப்பினேன். படம் எங்கே போகிறது என்று அவன் போனில் சொல்ல வேண்டும். பஸ் எங்கே வருகிறது என்று அக்கா போனில் கேட்க வேண்டும். நடுவில் நான்.

"எங்கடி இருக்கீங்க? பந்திங் ரோட்டுலயா? இன்னுமா?" அக்கா கத்தினார்.

என் போனில் பாலன். "அண்ணே, பாம்பு வந்துருச்சு."

"பாம்பு போனதும் சொல்லு."

"ரோடு முழுக்க ஜேமாம் அண்ணே," என்றார் அக்கா. "பஸ்ஸே லேட்டாத்தான் வந்துச்சாம். எப்பவும் போல."

"பாம்பு போயிருச்சுண்ணே. லோரி ஆரம்பிச்சிருச்சு."

"எத்தனாவது லோரி?"

"இப்பத்தான் மொத லோரி."

நான் பெருமூச்சு விட்டேன். "கவலப்படாதீங்கக்கா. இன்னும் நெறைய லோரி இருக்கு."

வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு காட்சி இன்னும் நீளமாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். வெட்டத் துடித்த ஒவ்வொரு லோரியும் கண்ணில் வந்து போனது. பச்சை லோரி, சேற்றில் சிக்கிக் கயிறு கட்டி இழுக்கும் லோரி. அன்று டத்தோ என் பேச்சைக் கேட்டிருந்தால், இந்நேரம் குகைக் கதவு திறந்து மூடியிருக்கும்.

பதற்றத்தைக் குறைக்க எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அக்கா, அன்னிக்குப் பச்சத்துணியப் பாத்து என்னா நெனச்சீங்க? பாலன் தங்கம் தங்கம்னு கத்துனானே."

"தங்கமா?" அக்கா தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தங்கத்த நான் எங்கண்ணே பாத்தேன், நகைக்கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறதுதான். அதுக்கெல்லாம் அப்படி மூஞ்சி வராது. ஷிப்ட்டு முடிஞ்சு, காலு வலிக்க கேட்டுல நிப்போம்ல, அப்ப பேக்டரி பஸ்ஸு டக்குனு வந்து முன்னால நின்னா எப்படி இருக்கும்னு நெனச்சேன்."

"அப்ப மொதப் படத்துல?"

"அதுவா? அவ்ளோ சாக்லேட்டும் வீணாப் போச்சேன்னு லா."

"அண்ணே," பாலன் குரல். "கடைசி லோரி ஆத்துல எறங்குது."

சிக்னலைத் தாண்டி ஒரு நீலப் பஸ் திரும்பியது. ஜன்னலெல்லாம் கைகள். நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். அதே முகம். நான் நூறு முறை ஓட்டிப் பார்த்த முகம், ஒரு துளி குறையாமல், கிள்ளான் வெயிலில் என் முன்னால் நின்றது. இதற்குப் பச்சைத் துணியும் தேவைப்படவில்லை, கேமராவும் தேவைப்படவில்லை.

"ஓடுங்கடி! ஓடுங்க!" என்று அக்கா சேலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். மல்லிகைப் பூவும் பிளாஸ்டிக் பையுமாக அத்தனை பெண்களும் பின்னால். சூப்பர்வைசர் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். மேலாளர்ப் பெண் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டாள். இருட்டில் தட்டுத் தடுமாறி அவர்கள் உட்காரவும், குகைக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

நான் முதல் வரிசைக்குப் போய், பழக்கதோஷத்தில் மண்டியிட்டுப் பின்பக்கம் திரும்பினேன். இந்த முறையும் அரங்கம் முழுக்கப் போன்கள் எரிந்தன. ஆனால் எல்லாம் உயரத் தூக்கிப் பிடித்த போன்கள், திரையைப் பார்த்தபடி. தியேட்டரில் படம் பிடிப்பது குற்றம், தெரியும். எனக்குக் கழுத்துவலி என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பெரிய முகம் அவர்கள் எல்லோருக்கும் மேலே அசையாமல் நின்றது. இருட்டில் ஒரு பெண் சத்தமாகக் கேட்டாள்:

"ஏய் லெட்சுமி, என்னத்தடி அப்படிப் பாத்த?"

"உங்க பஸ்ஸத்தாண்டி!"

வரிசை வரிசையாகச் சிரிப்பு வெடித்தது. பாலன் கடைசி வரிசையில் எழுந்து நின்று கைதட்டினான். தன் படத்துக்கா, அக்காவுக்கா, பஸ்ஸுக்கா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் படத்தை எடுத்துவிட்டார்கள். டத்தோவுக்குப் போன் செய்து, லோரிகளைத் தொட விடாததற்கு நன்றி என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப அழைத்து, முழுக்கதையையும் சொன்ன பிறகுதான் விட்டேன். இன்றைக்கும் அந்த லோரிகள் தேவையில்லாத நீளம்தான். தொழில் தெரிந்த யாரும் வெட்டத்தான் வேண்டும். ஆனால் அதை என் முன்னால் சொன்னால், கழுத்து திரும்பாவிட்டாலும் உடம்போடு திரும்பி உங்களோடு சண்டைக்கு வருவேன்.